சேன் லூயி போகிறவர்கள் முதலில் காலண்டரைப் பாருங்கள்

செனகல் நாட்டில் சேன் லூயி என்று ஒரு பழைய ஊர். 2023 செப்டம்பர் கடைசியில் தனியாகப் போய்விட்டு வந்தேன். ஊரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள்ளும், சேர்ந்த பிறகு கையில் நாலு காசு புழங்குவதற்குள்ளும் நான் பட்ட பாடு இருக்கிறதே, யாராவது முன்கூட்டியே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் அதில் பாதி குறைந்திருக்கும். தமிழில் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. மற்றபடி கிடைப்பதெல்லாம் ஐரோப்பியர்கள் ஐரோப்பியர்களுக்காக எழுதியது. அவர்கள் கார்டைச் செருகினால் பணம் வரும்; வராவிட்டால் ஊரிலிருந்து அண்ணனோ தம்பியோ பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். இந்திய பாஸ்போர்ட்டும் இந்திய வங்கிக் கணக்கும் வைத்திருப்பவர்களுக்கு விஷயமே வேறு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. எங்கள் ஊர் புதுச்சேரி. கைத்தறி, அவுரிச் சாயம் என்று சுற்றிக்கொண்டிருப்பவள் நான். சோழமண்டலக் கரையில் நெய்து, அவுரி போட்டுக் கருநீலமாகச் சாயமேற்றிய பருத்தித் துணி 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சுக்காரர்களின் கப்பலில் சேன் லூயிக்குத்தான் போனது. அதற்குக் 'கினே' என்று பெயர். செனகல் ஆற்றுக்கு வடக்கே இருந்த மூர் வணிகர்கள் வேலம் பிசினைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு இந்தத் துணியை வாங்கிக்கொண்டு போவார்கள். ஆற்றங்கரைச் சந்தைகளில் துணிதான் பணம், விலையே கினேக் கணக்கில்தான் பேசுவார்கள். பிற்பாடு புதுச்சேரி ஆலைகளிலும் இதே துணியை நெய்து அனுப்பியிருக்கிறார்கள். நம்மூர்த் துணி போய் இறங்கிய துறையைப் பார்க்க வேண்டும், அங்கிருந்து ஆற்றோடு மேலே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் போடோர் என்று ஒரு பழைய வணிகக் கோட்டை, அதையும் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியதில் முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. செனகலில் இறங்கும்போது கேட்டாலும் கேட்காவிட்டாலும், திரும்பி வரும்போது நம்ம ஊர் விமான நிலையத்தில் கேட்பார்கள். செனகல் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், ஆகவே டிக்கெட் போட்ட கையோடு போட்டுக்கொள்ளுங்கள். தெருமுனை கிளினிக்கில் போட்டால் செல்லாது, அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும், 2016-இலிருந்து அதுதான் விதி. மலேரியா மாத்திரையையும் டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தார்: புறப்படும் முன்பே ஆரம்பித்து, திரும்பி வந்தும் நாலு வாரம் தினமும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வெயிலில் தோல் சட்டென்று கறுத்துப் புண்ணாகும். ஆனாலும் விடாதீர்கள். மழைக்காலமும் அதை ஒட்டிய மாதங்களும்தான் அங்கே கொசுக்காலம், நான் போனது சரியாக அப்போதுதான். அங்கே வருவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, மூளையைத் தாக்கக்கூடியது. ஊருக்கு வந்து மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக "மேற்கு ஆப்பிரிக்கா போயிருந்தேன்" என்று சொல்லிவிடுங்கள்.

துபாய் வழியாக மதியம் போய் இறங்கினேன். தலைநகர் டக்காரின் விமான நிலையம் என்று பெயர்தானே தவிர, டக்காரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 2017 டிசம்பரில் திறந்த புது நிலையம். சேன் லூயி போகிறவர்கள் டக்காருக்குள் நுழையவே வேண்டாம், நேராக தியெஸ் என்ற ஊருக்குப் போய் அங்கே வண்டி பிடிக்கலாம் என்று படித்திருந்தேன். அது சரியான யோசனைதான், சாதாரண நாளாக இருந்தால். நான் இறங்கியது கமூவுக்கு முதல் நாள். கமூ என்றால் நபிகள் நாயகம் பிறந்தநாள். நம்மூர் மிலாடி நபி மாதிரி ஓர் அரசு விடுமுறை என்றுதான் டிக்கெட் போட்டுக் கொடுத்தவரும் சொன்னார். ஆனால் செனகலில் அதற்கு நாடே பெயர்ந்து போகிறது. திஜானிய்யா என்ற சூஃபி வழியைச் சேர்ந்த எல் ஹாஜி மாலிக் சி என்ற பெரியவர் 1902-இல் திவாவுன் என்ற ஊரில் குடியேறினார், அவர் காலத்திலிருந்து அந்த இரவுக்கு லட்சக்கணக்கில் ஜனம் திவாவுனுக்குப் போகிறது. அந்தத் திவாவுன் எங்கே இருக்கிறது தெரியுமா? தியெஸ்ஸிலிருந்து சேன் லூயி போகும் அதே நெடுஞ்சாலையில், தியெஸ்ஸைத் தாண்டி இருபது கிலோமீட்டர் சொச்சத்தில்.

தியெஸ் வண்டி நிலையத்தில் போய் நின்றால், வெள்ளை அங்கிகள், தலையில் பாய்ச்சுருள், குழந்தைகள், ஒலிபெருக்கிகள். அங்கே ஊருக்கு ஊர் ஓடுவது 'செத் பிளாஸ்' என்கிற பழைய பெஜோ கார்கள். முன்னால் ஒருவர், நடுவில் மூவர், பின்னால் மூவர் என்று ஏழு பேர் சேர்ந்தால்தான் வண்டி எடுப்பார்கள். ஆளுக்கு நிர்ணயித்த கட்டணம், மூட்டைக்கு மட்டும் பேரம். டக்காரிலிருந்து சேன் லூயிக்கு அந்த ஊர்ப் பணமான செஃபா பிராங்கில் ஐயாயிரம் அளவில் ஆகும், அப்போதைய கணக்கில் எழுநூறு ரூபாய்க்குள். அன்றைக்கு அத்தனை வண்டியும் திவாவுன் வண்டியாகிவிட்டது. சேன் லூயி என்று கேட்டால் சிரிக்கிறார்கள். இருட்டுவதற்குள் போய்விட வேண்டும், தனியாள், பெண், கையில் இரண்டு பை. கடைசியில் ஒரு டாக்ஸிக்காரப் பையன் அறுபதாயிரம் கேட்டான், நாற்பத்தைந்தாயிரத்துக்கு இறங்கினான். ஆறாயிரம் ரூபாய். சரி என்று ஏறிவிட்டேன்.

திவாவுனைத் தாண்டவே பொழுது சாய்ந்துவிட்டது. வண்டி நகர்ந்ததை விட நின்றதுதான் அதிகம். எரிச்சலோடு உட்கார்ந்திருந்தவளுக்கு ஜன்னல் வழியாக ஒரு பொடியன் பிளாஸ்டிக் கப்பை நீட்டினான். தூபா காபி. ஜார் என்ற மிளகுபோன்ற ஒன்றை வறுத்துப் பொடித்துப் போட்டிருப்பார்கள், தொண்டையில் காரம் இறங்கும், சர்க்கரை ஏகத்துக்கு. காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டான். சாலை நெடுக அப்படித்தான், தண்ணீர்ப் பொட்டலம், ரொட்டி, பேரீச்சம்பழம் என்று யார் யாரோ வண்டிகளுக்குள் திணித்துக்கொண்டே இருந்தார்கள். கோபப்படவும் முடியவில்லை. சேன் லூயித் தீவுக்குள் போகும் இரும்புப் பாலத்தில் ஏறும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது.

அதனால் தலைப்பில் சொன்னதைத்தான் முதலில் சொல்வேன். செனகலுக்குத் தேதி குறிக்கும்போது நம்ம லீவை மட்டும் பார்க்காதீர்கள், இஸ்லாமிய ஹிஜ்ரி காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கமூ ஒன்று. சஃபர் மாதம் 18-ஆம் நாள் தூபா நகரத்தில் நடக்கும் 'பெரிய மகால்' என்ற யாத்திரைத் திருவிழா இன்னொன்று, அதற்குக் கூட்டம் இதைவிடப் பெரிது. பக்ரீதை அங்கே தபஸ்கி என்பார்கள், அதற்கு முன்னும் பின்னும் சில நாட்கள் சீட்டும் கிடைக்காது, விலையும் ஏறும். இவையெல்லாம் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகரும், பிறை பார்த்து ஒரு நாள் மாறவும் செய்யும். அந்த நாட்களில் போய் இறங்கத்தான் வேண்டும் என்றால் டக்காரிலோ விமான நிலையம் பக்கத்திலோ அறை எடுத்துக் கிடந்துவிட்டு, கூட்டம் கலைந்ததும் கிளம்புங்கள். டக்காரிலிருந்து அரசுப் பேருந்து நிறுவனமான தெம் திக் ஏசி பஸ்ஸும் விடுகிறது. முன்பதிவு உண்டு, செத் பிளாஸின் பின்சீட்டில் முழங்காலை மடக்கி உட்காருவதைவிட எவ்வளவோ மேல்.

இனி பணக் கதை. வழியிலாவது ஒரு காபி கிடைத்தது, இதில் அதுவும் இல்லை. நான் கையில் நோட்டாகக் கொண்டுபோனது 150 யூரோ, மீதியெல்லாம் யூரோ ஏற்றிய பயண கார்டில். கொடுத்த வங்கியில் "உலகம் பூரா வேலை செய்யும் மேடம்" என்றார்கள். யூரோவை மாற்றியதில் 98,000 பிராங்க் வந்தது, பாதி டாக்ஸிக்கே போய்விட்டது. மறுநாள் தீவில் இருந்த ஏடிஎம்களில் ஒவ்வொன்றாகச் செருகினேன். எல்லாம் ஒரே பதில், பரிவர்த்தனை மறுக்கப்பட்டது. வங்கி உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால், சந்தேகத்துக்குரிய நாட்டில் முயற்சி நடந்ததால் பாதுகாப்புக்காக நிறுத்தியிருக்கிறோம், திறக்க வேண்டுமானால் பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வரும், சொல்லுங்கள் என்றார்கள். அந்த எண்ணில் ரோமிங் பேக் போட்டிருந்தேன், ஆனால் அங்கே சிக்னலே பிடிக்கவில்லை. ஓடிபி வராது, வராவிட்டால் கார்டு திறக்காது. ஈமெயில் அனுப்புங்கள், பார்க்கிறோம். ஒவ்வொரு அழைப்புக்கும் இசை கேட்க வைத்தே உள்ளூர் சிம்மில் இருந்த காசையெல்லாம் தின்றுவிட்டார்கள். அன்று கமூ விடுமுறை, வெள்ளி ஒரு நாள் விட்டால் அப்புறம் சனி, ஞாயிறு. வங்கிக்குள் போய் ஆளைப் பிடித்துக் கேட்கலாம் என்றாலும் அன்றைக்கு வழியில்லை. அன்று ராத்திரி மெத்தையில் உட்கார்ந்து நோட்டுகளை எண்ணிப் பார்த்தபோது வாய்விட்டு அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அம்மாவுக்கு போன் போட்டால், பாவம், அவர் ஊரில் பணம் மாற்றும் கடை கடையாக ஏறி இறங்கினார். "இங்கே வெளிநாட்டுலேருந்து வர்ற காசைத்தான் வாங்கித் தருவாங்களாம், இங்கேருந்து அனுப்ப முடியாதாம்மா" என்றார். நம்மில் பலருக்கு இது தெரியாது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு உடனே ரொக்கமாகக் கிடைக்கும்படி இந்தியாவிலிருந்து அனுப்புவது லேசில் நடக்கிற காரியம் இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்பலாம், அதற்கு நமக்கு அங்கே கணக்கு வேண்டுமே. புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம், பாதி வீடுகளில் பிரான்சில் யாராவது இருப்பார்கள். சித்தப்பா பாரிஸ் பக்கம் இருக்கிறார். பிரான்சில் இருக்கும் செனகல்காரர்கள் தினமும் ஊருக்குப் பணம் அனுப்புவதால் சேன் லூயியில் தெருவுக்குத் தெரு பணம் வாங்கித் தரும் கடை. "கவலைப்படாதேம்மா, பத்து நிமிஷம்" என்று சொல்லி 400 யூரோ அனுப்பி ரகசிய எண்ணும் கொடுத்துவிட்டார்.

கடைக்காரப் பெண் எண்ணைத் தட்டினாள், பாஸ்போர்ட்டைப் புரட்டினாள், தலையை ஆட்டினாள். பெயர் பொருந்தவில்லை. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. சித்தப்பாவோ கல்யாணப் பத்திரிகையில் போடுவதுபோல ஓர் எழுத்து இனிஷியலைப் போட்டு என் பெயரை எழுதியிருக்கிறார். குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தானே எழுதுவோம். அவளிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள், கேட்டுவிட்டு மறுபடி தலையை ஆட்டினாள். அவளைக் குறை சொல்ல முடியாது, மாற்றிக் கொடுத்தால் அவள் கையிலிருந்து போகும். சித்தப்பா திரும்பப் போய்த் திருத்தி, அது இங்கே வந்து சேர இடையில் ஞாயிறு குறுக்கிட்டு, திங்கள் மதியம்தான் காசைக் கண்ணில் பார்த்தேன். வங்கி கார்டைத் திறந்தது அதற்கும் பிறகு.

ஆகவே, பணத்தில் நான் கற்றுக்கொண்டதைக் கொட்டிவிடுகிறேன். இந்தியர்கள் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை நோட்டாகவே எடுத்துப் போகலாம், அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். டாலரை விட யூரோ நல்லது. செஃபா பிராங்க் யூரோவோடு கட்டப்பட்டது, ஒரு யூரோவுக்கு 655.957 என்று மாறாத கணக்கு, அதனால் பெட்டிக்கடைக்காரருக்குக்கூட மனப்பாடம், ஏமாற்றுவதும் கடினம். ரூபாய் நோட்டு செல்லாது, ரூபே கார்டை நம்பிப் போகாதீர்கள். விசா கார்டுதான் அங்கே பெரும்பாலான மெஷினில் எடுக்கும், மாஸ்டர்கார்டுக்கு மெஷின் தேட வேண்டியிருக்கும், முடிந்தால் வேறு வேறு வங்கியின் இரண்டு கார்டு வையுங்கள். ஓடிபி வருகிற சிம்மை வீட்டில் நம்பிக்கையான ஒருவர் போனில் போட்டுவிட்டு வருவதுதான் நான் கண்ட எளிய வழி. நடுராத்திரி ஆனாலும் எழுப்பிக் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, பணம் அனுப்பக்கூடிய உறவினருக்கு இப்போதே அனுப்பி வைத்துவிடுங்கள். டக்காரில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, எண்ணை போனில் மட்டுமல்ல, காகிதத்திலும் எழுதி வையுங்கள். வரைபடத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் கலவரங்களின்போது அரசாங்கம் மொபைல் இன்டர்நெட்டையே நிறுத்தியிருக்கிறது. இன்னொன்று, பத்தாயிரம் நோட்டை எங்கே நீட்டினாலும் சில்லறை இல்லை என்பார்கள். பெரிய கடை, பெட்ரோல் பங்க் என்று கிடைக்கிற இடத்தில் உடைத்துக்கொள்ளுங்கள், ஐந்நூறும் ஆயிரமும்தான் தெருவில் ஓடும். உள்ளூர்க்காரர்கள் வேவ், ஆரஞ்சு மணி என்று போனிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தக் கையிருப்பில்லாத நாட்களில் என்னைக் காப்பாற்றியது நான் தங்கிய வீட்டுக்கார அம்மாதான். ஓர் இரவுக்கு இருபதாயிரம் பிராங்க், அன்றன்றைக்குக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. விஷயத்தைச் சொன்னதும் "காசு வரும்போது வரட்டும் மகளே, முதலில் சாப்பிடு" என்று முற்றத்துக்குக் கூட்டிப் போனார். செபு ஜென், மீன்சோறு. இந்தச் சோறு பிறந்ததே சேன் லூயியில்தான் என்று அவர்களுக்குப் பெருமை, 2021-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. பெரிய தாம்பாளத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, தனக்கு எதிரே இருக்கிற பங்கிலிருந்து மட்டும் வலது கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும். நடுவில் இருக்கும் மீனுக்கும் காய்க்கும் நாமே கை நீட்டக்கூடாது, வீட்டுக்கார அம்மா பிய்த்து நம் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி விருந்தாளிக்குத் தருவார்கள். அரிசி முழு அரிசி இல்லை, நொய். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்தோசீனாவிலிருந்து இறக்கிப் பழக்கிய நொய், இப்போது இந்தியாவிலிருந்தும் போகிறது. 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடை செய்தது, பிறகு செனகலுக்கு விலக்குக் கொடுத்தது. அந்த அம்மா இதை என்னிடம் கேட்டே விட்டார், "உங்கள் ஊரில் எங்கள் அரிசியை ஏன் நிறுத்தினீர்கள்?" நொய்யைக் கஞ்சிக்கும் கோழிக்கும் போடுகிற ஊரிலிருந்து வந்தவள் என்ன பதில் சொல்வது!

சுத்த சைவம் என்றால் சிரமம்தான், மீனோ இறைச்சியோ போட்ட குழம்பிலிருந்து காயை மட்டும் எடுத்துத் தருவதையே சைவம் என்று நினைக்கிறார்கள். காலையில் தெருவோரம் ரொட்டிக்குள் காராமணி மசியல் வைத்துத் தருவார்கள், பெயர் ந்தம்பே. சாயங்காலம் காராமணி மாவை எண்ணெயில் பொரித்த அக்காரா. கம்பு உருண்டையைத் தயிரும் சர்க்கரையும் போட்டுக் கலக்கிய தியாக்ரி வெயிலுக்கு இதம். இந்த மூன்றை வைத்தே ஒரு வாரம் ஓட்டலாம்.

பாஷை முக்கியம். ஆங்கிலம் ஓட்டல் வாசலோடு சரி. பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்ததால் நான் தப்பித்தேன், தெரியாதவர்கள் எண்களையும் விலை கேட்பதையும் மட்டுமாவது கற்றுக்கொண்டு போங்கள். அதைவிட முக்கியம், யாரிடமும் நேரே வழியோ விலையோ கேட்டுவிடாதீர்கள். சலாம் சொல்லி, நலமா, வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும். டாக்ஸிக்காரரிடமும் அப்படியே. நமக்கு அவசரம் என்றால் அரை நிமிடத்தில் முடிக்கலாம், ஆனால் விடக்கூடாது. இந்திய முகம் என்றால் தனி மரியாதை உண்டு, இந்திப் படம் என்றால் அங்கே பழைய தலைமுறைக்கு உயிர். மூன்று சுற்றாக ஊற்றித் தரும் அத்தாயா தேநீரோடு என்னை உட்கார வைத்து ஷாருக்கானை விசாரித்தார்கள். எனக்கு இந்தி தெரியாது, தமிழ் என்று வேறொரு மொழி இருக்கிறது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் மூன்றாவது கிளாஸும் ஆறிவிட்டது.

ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீவு இரண்டு கிலோமீட்டர் நீளம், நானூறு மீட்டர் அகலம்தான், நடந்தே பார்த்துவிடலாம். 1659-இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறியது, 1895 முதல் 1902 வரை பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதற்கும் தலைநகர். மாடி வீடுகளின் மரப் பலகணி, உள்முற்றம், மஞ்சளும் காவியும் பூசிய சுவர் எல்லாவற்றையும் பார்க்கும்போது எங்கள் ஊர் வெள்ளையர் தெருவில் நிற்கிறோமோ என்று தோன்றும், பராமரிப்பு மட்டும் அங்கே மோசம். பல வீடுகள் இடிந்து நிற்கின்றன. காலை எட்டு மணிக்குள் சுற்றிவிடுங்கள், செப்டம்பர் புழுக்கத்தில் அதற்கு மேல் முடியாது. பறவைகளுக்காக ஜூஜ் சரணாலயம் போக நினைப்பவர்கள் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் வாருங்கள், மற்ற மாதங்களில் போய்ப் பயனில்லை. தீவுக்கு மேற்கே சின்னப் பாலத்தைத் தாண்டினால் கெத் இந்தார் மீனவர் குப்பம். வண்ணம் தீட்டிய நீள நீளமான படகுகள், கருவாட்டு வாடை, காலை வைக்க இடமில்லாத கூட்டம். அங்கே கேமராவைத் தூக்காதீர்கள், கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கடலில் இறங்கவும் வேண்டாம். 2003-இல் ஊருக்குள் வெள்ளம் வந்தபோது மணல்திட்டில் நாலு மீட்டர் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி ஆற்றைக் கடலில் விட்டார்கள். அது சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான மீட்டராகி, பின் கிலோமீட்டர்களாக விரிந்து ஊர்களையே விழுங்கிவிட்டது. அந்த முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து செத்தவர்கள் அநேகம் என்று குப்பத்தில் சொன்னார்கள். நீந்தத் தெரியும் என்ற தைரியமெல்லாம் அங்கே எடுபடாது.

நஷ்டக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டாக்ஸிக்கு வீணாகப் போனது ஐயாயிரம் ரூபாய்க்கு மேல், வெளிநாட்டு அழைப்புகள், சித்தப்பா கட்டிய கட்டணம், போடோரில் முன்பணம் கொடுத்து வைத்த அறையும் காரும் என்று எல்லாம் சேர்ந்து இருபத்தைந்தாயிரத்தை நெருங்கியது. அதைவிட வயிற்றெரிச்சல் போடோர் போகாமலே திரும்பியது. அதற்கென்று வைத்திருந்த நாட்களெல்லாம் பணம் வாங்கும் கடை வாசலில் போயின. திரும்பும்போது மீதி பிராங்கை விமான நிலையத்திலேயே யூரோவாக மாற்றிவிடுங்கள், சென்னையில் யாரும் வாங்க மாட்டார்கள். கேமரூன், காபோன் பக்கம் போகிறவர்களுக்கும் இந்த நோட்டு உதவாது, அங்கே பணத்தின் பெயரும் மதிப்பும் ஒன்றானாலும் நோட்டு வேறு.

அடுத்த தடவை ஜனவரியில் போவதாக இருக்கிறேன், போடோர் வரைக்கும். ஆற்றோரச் சாலையில் தனி கார்தான் சௌகரியம், நாலு பேர் உட்காரலாம், ஒருவர் பங்கு கம்மியாகும். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, யூரோவை நோட்டாக மாற்றிக்கொண்டு வரத் தயாராக இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.